முகம் மாறாமல் சொன்ன பதில்

போன வாரம் உங்களில் ஒருத்தி, நிரோஷா, எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, ஒரு தோட்டத்துக் கடிதத்துல டெட்பேன்னு ஒரு இங்கிலீஷ் சொல்லு வருது. தொழிலாளி டெட்பேனா பதில் சொன்னாருன்னு மேனேஜர் எழுதியிருக்காரு. அகராதியில 'உணர்ச்சியற்ற முகத்துடன்'னு இருக்கு. அப்படியே போட்டுடவா?" என்று கேட்டிருந்தாள். போடாதே என்று மட்டும் பதில் அனுப்பினேன். ஏன் என்று திரும்பக் கேட்டாள். கேட்டது நியாயம்தான். அந்த 'ஏன்' ஒரு குரல் பதிவுக்குள் அடங்காது என்பதால் மூன்று நாளாக மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு மட்டுமல்ல, புதிதாக உரைபெயர்ப்பு வேலைக்கு வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் விசாரணைகளில் இருபத்தெட்டு வருஷம் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். தொழிலாளி தமிழில் சொல்வதைச் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ சொல்வேன். அதிகாரி கேட்பதைத் தமிழில் சொல்வேன். நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள்தான். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. எஹலியகொடையில் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியில் தனியாக இருக்கிறேன். தமிழில் ஒரு வார்த்தை பேசாமல் நாலு நாள், ஐந்து நாள் போய்விடும். நீங்கள் சொல்லுக்கு அர்த்தம் கேட்காத நாட்களில் என் ஃபோன் அடிப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

முதலில் அகராதி ஏன் தப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சியற்ற முகம் என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்றாகிவிடும். டெட்பேனாகப் பேசுபவருக்கு உள்ளே நிறைய இருக்கிறது. சிரிப்பு இருக்கிறது, கோபம் இருக்கிறது, சில வேளை அழுகையும் இருக்கிறது. அவர் அதை முகத்துக்கு வரவிடுவதில்லை, அவ்வளவுதான். செத்த வீட்டுச் செய்தி சொல்வதைப் போலப் பகிடியைச் சொல்வார். நீங்கள் சிரித்தாலும் அவர் சிரிக்க மாட்டார். நம் லயங்களில் இதற்கு ஊமைக்குசும்பு என்று அருமையான சொல் இருக்கிறது. இங்கிலீஷ்காரர் ஒரு நூற்றாண்டாகத்தான் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அதற்கு முன்பே துரைமார் முன்னால் அந்தக் குசும்பைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கீழ்வீட்டுச் சிங்கள அம்மா, நோனா என்றுதான் கூப்பிடுவேன், தங்கமான மனுஷி. ஒரு நாள் படியேறி வந்து, தனியாக இருக்கப் பயமில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். "தனியாக எங்கே இருக்கிறேன், உள்ளே ஏழு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் தூங்குகிறார்கள்" என்றேன். அவர் மெல்ல எட்டி என் அறைக்குள் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். சாயங்காலம், காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது போல ஒரு கோப்பை கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, நன்றாகத் தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டே குடித்தேன். குடித்து முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மாதிரிப் பகிடிக்கு எதிரே ஆள் வேண்டும். முகத்தில் இல்லாததைப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவராவது வேண்டும்.

இனி பாக்கியத்தின் கதை.

பதினாறு பதினேழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கஹவத்தைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பாக்கியம் அங்கே கொழுந்து பறிப்பவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் வேலை போனால் லயத்து அறையும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த வேலைதான் அவர்களுக்கு வீடு, மகளுக்குப் படிப்பு, எல்லாம்.

நடந்தது இதுதான். காட்டோரமாக உள்ள ஒரு மலையில் கொழுந்தெடுக்க வெளிக்கள உத்தியோகத்தர் பெண்களை அனுப்பினார். அங்கே கித்துள் மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது, போக மாட்டோம் என்று முதல் நாள் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணியளவில் குளவி கலைந்தது. அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் பாக்கியம். "ஓடுங்கடி!" என்று கத்தினாள். இருபத்தைந்து பெண்கள் கொழுந்துப் பைகளைப் போட்டுவிட்டு மலையிறங்கி ஓடினார்கள். நேரத்தோடு ஓடியதால் யாரையும் குளவி கொட்டவில்லை. கடைசியாக ஓடிவந்த பாக்கியத்துக்கு மட்டும் பிடரியில் இரண்டு கொட்டு. அவள் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அங்கேதான் வினை. யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆகவே குளவியும் இல்லை என்று உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்துவிட்டார். போகப் பிடிக்காத மலைக்கு அனுப்பிய ஆத்திரத்தில் பாக்கியம் பொய்க்கூச்சல் போட்டு வேலையை நிறுத்தினாள் என்று குற்றச்சாட்டு. கொழுந்து மளமளவென்று வந்துகொண்டிருந்த காலம் அது. அரைநாள் வேலை நின்றதில் துரைக்குக் கடுப்பு. நாலு பேரைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் போட்டிருந்தால் பாக்கியத்துக்கு ஒரு பிரச்சினையும் வந்திராது. எல்லோரையும் காப்பாற்றியதுதான் அவளுக்குப் பாதகமாகப் போயிற்று.

விசாரணை தோட்டத்து ஆபீஸில் நடந்தது. விசாரணை அதிகாரி கொழும்பிலிருந்து வந்த வழக்கறிஞர். நல்ல மனுஷர், ஆனால் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. பாக்கியத்துக்குத் துணையாக வரவேண்டிய தொழிற்சங்கக்காரர் வரவில்லை. கூட ஓடிய பெண்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஆக, அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். பாக்கியம், முறைப்பாடு கொடுத்த வெளிக்கள உத்தியோகத்தர், நான்.

அதிகாரி கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "அந்த இடத்துல உண்மையிலேயே குளவி இருந்துச்சா?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். கொஞ்சங்கூட முகம் மாறாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் சொல்வது போலச் சொன்னாள்: "குளவியா? அப்படி ஒண்ணும் இல்லைங்க. அன்னைக்கு எங்களுக்கெல்லாம் திடீர்னு ஓடிப் பாக்கணும்னு ஆச வந்துருச்சு. நாந்தான் ஓடுங்கடின்னேன். கொழுந்துப் பை பாரமா இருந்துச்சு, அதையும் போட்டுட்டு ஓடுனோம். ரொம்ப நாளாச்சுங்க ஓடி."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கல்லும் முள்ளும் அட்டையுமாகக் கிடக்கும் சரிவில் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் ஆசைக்கு ஓடினார்களாம். வேறென்ன சொல்வாள் அவள்? இருபத்தைந்து பேர் கண்ணால் பார்த்ததை, இருந்ததா என்று மேசை போட்டுக் கேட்கிறார்கள். அவளுடைய கோபம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. எங்கள் லயத்தில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் எந்தப் பெண்ணும் அப்படித்தான் பேசுவாள். அதைப் பகிடி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை.

சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொன்னேன். குளவி இருக்கவில்லை. ஓட விரும்பினோம். ஓடச் சொன்னது நான்தான்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "இதுதான் அவருடைய பதிலா?" என்று என்னைக் கேட்டார்.

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எனக்கு அங்கே மூன்று நொடி இருந்தது. ஒரு மனிதர் நேராக என் கண்ணைப் பார்த்து, இதுதானா என்று கேட்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார். உரைபெயர்ப்பாளருக்கு வாய் மட்டும்தான் உண்டு, முகம் கிடையாது, சொன்னதைச் சொல், சொல்லாததைச் சொல்லாதே என்பார். அதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதோடு இன்னொன்றும் உண்டு. நானும் லயத்துக்காரி என்று எல்லோருக்கும் தெரியும். 'அவள் பகிடி பண்ணுகிறாள்' என்று நான் வாயைத் திறந்தால், தன் ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று தோட்டத்துப் பக்கம் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். பக்கம் சாயாதவள் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

"ஆம், இதுதான் பதில்" என்றேன்.

வெளிக்கள உத்தியோகத்தர் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்தது என்று எனக்குத் தெரியும். அவர் பேசாமல் இருந்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது.

இரண்டாவது சந்தர்ப்பமும் வந்தது. எழுதிய வாக்குமூலத்தைச் சாட்சிக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் அல்லவா? வாசித்தேன். குளவி இருக்கவில்லை என்ற வரி வந்தபோது பாக்கியம் என்னைப் பார்த்தாள். கண் ஓரத்தில் மட்டும் ஏதோ அசைந்தது. "நல்லா வடிவா எழுதியிருக்காங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னத நீங்க அவருக்குச் சொல்லிட்டீங்கதானேம்மா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

தேநீர் வந்தது. அதிகாரியும் துரையும் உள்ளறையில் குடித்தார்கள். பாக்கியம் வெளியே வராந்தாவில் நின்று குடித்தாள். என் கோப்பையை அந்த நீள மேசையின் கடைசியில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லா விசாரணையிலும் அப்படித்தான். உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் போக முடியாது. இரண்டு பக்கத்துக்கும் காலையிலிருந்து பேசியவள் நான்தான், ஆனால் என்னிடம் பேச யாருக்கும் ஒன்றுமிருக்காது. அந்த வேலையின் தனிமை அப்படி. நீங்களும் அனுபவிப்பீர்கள். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் தமிழாக்கத்துக்காக என் மேசைக்கு வந்தது. பாக்கியத்தை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். இங்கிலீஷில் எழுதி, தமிழில் ஒரு பிரதி சேர்த்துத்தான் அவளிடம் கொடுப்பார்கள். குளவி இருக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், என்று தொடங்கியது இரண்டாவது பந்தி. ஒரு மாதத்துக்குள் லயத்து அறையைக் காலி செய்யவேண்டும் என்று முடிந்தது. நான் இங்கிலீஷில் சொன்ன பொய் திரும்ப இங்கிலீஷிலேயே என்னிடம் வந்திருக்கிறது. அதை இனி தமிழாக்கி அவளிடம் அனுப்ப வேண்டும். ஒரு பொய்யும் நான் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லைதான். ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.

கடிதத்தைத் தமிழாக்கினேன். அது என் வேலை. பிறகு லீவு போட்டுவிட்டுக் கஹவத்தை பஸ் ஏறினேன். அது என் வேலை இல்லை. விசாரணையில் சம்பந்தப்பட்டவர்களின் வீட்டுக்கு உரைபெயர்ப்பாளர் போகக்கூடாது. போனது தெரிந்தால் என் கதி என்ன என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

பாக்கியம் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "வாங்கம்மா. பாஷ சொல்ற அம்மாதானே?" என்று பலகையைத் தட்டிப் போட்டாள். உட்காராமல் நின்றபடியே கடிதத்தின் விஷயத்தைச் சொன்னேன். மகளின் புத்தகங்கள் உள்ளே ஒரு பெட்டி மேல் அடுக்கியிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. பாக்கியம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னது பகிடின்னு ஒங்களுக்குத் தெரியலையாம்மா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு வரவில்லை. "தெரிஞ்சுச்சுக்கா" என்றேன்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க சொன்ன வார்த்தைய மட்டுந்தான் நான் சொல்லணும்கா. எங்க வேலையில அதான் சட்டம்."

அவள் பிளந்த விறகை ஓரமாகத் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "நான் அந்தக் கொழும்பு மாத்தயாவுக்கா சொன்னேன்? அந்தாளுக்கு என்னா புரியும். ஒங்க மொகத்தப் பாத்துத்தான் சொன்னேன். நம்ம பொம்பள ஒருத்தி இருக்காளேன்னு சொன்னேன். நீங்க இல்லாட்டி நான் ஒழுங்காச் சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு நான் அழுதேன். அவள் அழவில்லை. மேல்முறையீடு செய்யச் சொன்னேன். நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். இந்த முறை பகிடி வேண்டாம், நடந்ததை நடந்தபடி நேராகச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "சரிங்க" என்றாள். அந்த 'சரிங்க'வில் ஒன்றுமே இல்லை.

சாட்சி சொல்வதென்று முடிவெடுத்த பிறகு புதிய பிரச்சினை. மேல்முறையீட்டைக் கேட்பவரும் தமிழ் தெரியாதவர்தான். ஊமைக்குசும்பு என்று நான் சொன்னால், ஊமை ஏதோ சேட்டை செய்தான் என்றுதான் அவருக்கு யாராவது மொழிபெயர்ப்பார்கள். அவர் மதிக்கும் பாஷையில் ஒரு சொல் வேண்டும். விசாரணைக்கு முதல் நாள் இரத்தினபுரிப் பொது நூலகத்துக்குப் போய்ப் பெரிய இங்கிலீஷ் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நகைச்சுவை, வறண்ட நகைச்சுவை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போய் மத்தியானம் போல அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தேன். டெட் என்றால் செத்தது. பேன் என்றால் சட்டி. முகத்துக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் சட்டி என்று கொச்சையாகச் சொல்வார்களாம். எதனால் அப்படி வந்தது என்று உறுதியாகத் தெரியாது. வட்டமாக, தட்டையாக இருப்பதால் இருக்கலாம். செத்த முகம் என்று அர்த்தம். நாடகக் கொட்டகைகளில், தான் சிரிக்காமல் சனங்களைச் சிரிக்க வைக்கும் நடிகர்களைப் பற்றி இந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் அது பத்திரிகைக்கும் அகராதிக்கும் வந்திருக்கிறது.

நடிகன் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நடிகன் முகத்தைச் சாகடித்துக்கொண்டு நிற்கலாம். கொட்டகைக்கு வந்திருக்கிற அத்தனை பேருக்கும் அது பகிடி என்று தெரியும். அவர்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். பாக்கியத்தின் கொட்டகையில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அந்த ஆளும் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். அன்றைக்கு அந்த ஆபீஸ் அறையில் உண்மையாகச் செத்த முகம் என்னுடையதுதான்.

மறுநாள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தேன். என் இடத்தில் வேறொருவர் நின்றார். தோட்டத்துப் பக்கத்து வழக்கறிஞர் கேட்டார்: "பதில் சொல்லும்போது அவர் சிரித்தாரா?"

"இல்லை."

"குரல் மாறியதா?"

"இல்லை."

"பிறகு எப்படி அது பகிடி என்கிறீர்கள்?"

"சிரிக்காததால்தான் என்கிறேன். நான் பிறந்த இடத்தில் அப்படித்தான் பேசுவார்கள். இங்கிலீஷிலும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லையும் சொன்னேன். மேல்முறையீட்டு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. பதிலை முதலிலிருந்து இன்னொரு முறை தானே மெதுவாக வாசித்தார். ரொம்ப நாளாகிவிட்டது ஓடி, என்ற இடத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என்னைக் கேட்டார்: "இது உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

விதி என்று சொல்லத்தான் தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்ட விதத்தில் அது வாயில் நிற்கவில்லை. "பயந்தேன்" என்றேன்.

பிறகு பாக்கியத்தை அழைத்தார்கள். அவள் எழுந்து நின்று சொன்னாள்: "கித்துள் மரத்துல கூடு இருந்துச்சுங்க. சத்தம் கேட்டுச்சு. நான் கத்துனேன். எல்லாரும் ஓடுனாங்க. எனக்கு ரெண்டு கொட்டு. வேற யாருக்கும் கொட்டல. அவ்வளவுதாங்க." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதைப் போல இருந்தது. ஒரு தடவையும் என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு அப்படியொரு முகமும் உண்டு என்று அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அறையும் போகவில்லை. மகள் பரீட்சை எழுதினாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு ரொம்ப நாள் விசாரணைக்கு அழைப்பு வரவில்லை. தன் மொழிபெயர்ப்பே தப்பு என்று தானே சொல்கிறவளைத் தோட்டத்தார் ஏன் கூப்பிடப் போகிறார்கள்? தொழிலாளர்கள் பக்கத்திலும் பேச்சுப் பரவியிருந்தது. அந்த அம்மா முன்னால் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லிக்கொண்டார்களாம். பிறப்புச் சான்றிதழ்களைத் தமிழாக்கிக்கொண்டு காலத்தைத் தள்ளினேன். பிறகு மெல்ல மெல்ல அழைப்பு வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். சாட்சி பகிடி பண்ணுகிறார் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அது உங்கள் வேலை இல்லை. 'இந்தப் பதிலைச் சரியாகக் கொண்டுவர இன்னொரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்' என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று நொடி போதும். நூற்றுக்குத் தொண்ணூறு அதிகாரிகள் அனுமதிப்பார்கள். மிச்சப் பத்துப் பேர் முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும். அதற்குப் பிறகு எத்தனையோ விசாரணைகளில் நான் அப்படிக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவையும் வேலை போகவில்லை. நிரோஷா, நீ அந்தக் கடிதத்தில் 'முகம் மாறாமல் பகிடியாக' என்று போடு. பகிடி என்ற சொல்லை விட்டுவிடாதே. அந்தத் தொழிலாளி ஒருவேளை அதை நம்பித்தான் இருக்கிறார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் போன வருஷம் நடந்ததையும் சொன்னால்தான் அந்தச் சொல்லின் அர்த்தம் முழுமையாகும்.

ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டுக் கஹவத்தை ஸ்டாண்டில் இரத்தினபுரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன் சீட்டில் பாக்கியம். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் அவள் வயதுள்ள இன்னொரு பெண். என்னைக் கண்டதும் பாக்கியம் பாதி எழுந்துவிட்டாள்.

"வணக்கங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்கா. உக்காருங்க. மகள் எப்படி?"

"மகள் டீச்சரா இருக்குதுங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குது. எல்லாரும் சொகமா இருக்காங்க."

முத்து முத்தாக, ஒரு வார்த்தை கூடுதல் குறைவில்லாமல் சொன்னாள். எழுதிக்கொள்ளலாம் போலிருந்தது. பஸ் புறப்படுகிற வழியைக் காணோம். சாரதியின் ஆசனம் காலி. எனக்கு ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. முகத்தை மாற்றாமல் சொன்னேன்: "டிரைவர் பொண்ணு பாக்கப் போயிருக்காராம். பிடிச்சிருந்தா கலியாணத்த முடிச்சிட்டுத்தான் பஸ்ஸ எடுப்பாராம்."

பாக்கியம் என்னை மரியாதையாகப் பார்த்தாள். "இல்லைங்கம்மா. அவரு டீ குடிக்கத்தான் போயிருக்காரு. இப்ப வந்துருவாருங்க" என்றாள்.

அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை. முன்னால் திரும்பிக்கொண்டு, பக்கத்துப் பெண்ணின் காதோரம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். தோள் கூட அசையவில்லை. அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன் கம்பியில் தலை முட்டும் வரைக்கும் குனிந்து குனிந்து சிரித்தாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. டிரைவரைப் பற்றியா, என்னைப் பற்றியா, மழையைப் பற்றியா என்றுகூடத் தெரியாது. இரத்தினபுரி வரைக்கும் அவர்களுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நேராக, மரியாதையாக. அதனால்தான் கேட்கவில்லை.